தென்னையைத் தின்னும் வண்டும் என்னிடம் வரும் நோயாளிகளும்

ரெண்டு நாளா நிறைய பேர் ஒரே வீடியோவை எனக்கு அனுப்பிட்டு இருக்கீங்க. ஜெர்மனியில ஹார்ஸ் மலை. கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள் நின்னபடியே செத்து, சாம்பல் நிறத்துல குச்சி குச்சியா நிக்குது. "டாக்டர், அரிசி அளவு வண்டு ஒரு மலையையே கொல்லுமா? இல்ல இதுவும் வாட்ஸ்அப் கதையா?"ன்னு கேட்டிருக்கீங்க.

கதை இல்லீங்க. உண்மைதான். ஆனா அந்த வண்டைப் பத்தி மட்டும் எழுதணும்னா நான் எழுத மாட்டேன். நான் பூச்சியியல் படிச்சவன் இல்ல, ஆய்க்குடிப் பக்கம் வைத்தியம் பாக்குற பொது மருத்துவன். அதோட சொந்தக்கார வண்டு ரெண்டு பேர் நம்ம தோப்புலயே இருக்காங்க. அவங்க செய்ற வேலையோட கடைசிப் பகுதி என் மேசைக்கு வருது. அதனாலதான் இந்தத் த்ரெட். கொஞ்சம் நீளம். தோப்பு வச்சிருக்கிறவங்க, தோப்பு வச்சிருக்கிற அப்பா அம்மா ஊர்ல இருக்கிறவங்க கடைசி வரைக்கும் வாங்க.

முதல்ல அந்த வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமா முடிச்சிருவோம்.

பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: பிசின். வண்டு பட்டையைத் துளைச்சா மரம் பிசினைப் பீய்ச்சி அதை வெளியே தள்ளும், இல்லன்னா அதுக்குள்ளேயே அமுக்கிக் கொன்னுடும். ஒரு வண்டு, பத்து வண்டுன்னா மரம்தான் ஜெயிக்கும். அதனால வண்டு தனியா வர்றதில்ல. முதல்ல துளைச்ச வண்டு ஒரு வாசனையை விடும். அதைப் பிடிச்சுக்கிட்டு நூத்துக்கணக்குல கூட்டம் வரும். எல்லாம் ஒரே நேரத்துல துளைச்சா பிசின் தீந்து போகும். போதுமான கூட்டம் சேந்ததும் "இங்க இடம் இல்ல, அடுத்த மரத்துக்குப் போ"ன்னு சொல்ற இன்னொரு வாசனையும் விடும். கல்யாணப் பந்தியில இலை முடிஞ்சு போச்சுன்னு சொல்ற ஆள் மாதிரி.

உள்ளே போனதும் பட்டைக்கு அடியில சுரங்கம் தோண்டி முட்டை வைக்கும். இலையில தயாராகிற சாப்பாடு வேருக்கு இறங்குற பாதை அங்கதான் இருக்கு. அது சுத்தி வர அறுபட்டுடும். வண்டு உடம்புல ஒட்டிக்கிட்டு வர்ற நீலக்கறைப் பூஞ்சை, தண்ணி மேல ஏறுற குழாய்களை அடைக்கும். ரத்தக் குழாயை வெளியிலிருந்து அறுத்து, உள்ளே இருந்தும் அடைச்சா என்ன ஆகுமோ அதுதான்.

கனடாவில பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல மலைப் பைன் வண்டு 1990களில் ஆரம்பிச்சு சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதிச்சுது. தமிழ்நாட்டோட மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான், ஒப்பிட்டுப் பாருங்க. முன்னாடியெல்லாம் மைனஸ் 40 டிகிரி வரைக்கும் போற குளிர் புழுக்களைக் கொன்னு கணக்கைச் சரி பண்ணிடும். குளிர்காலம் இளகிப் போச்சு, புழு பிழைச்சுக்கிச்சு. ஜெர்மனியில 2018லிருந்து வந்த வறட்சி. தண்ணி இல்லாத மரத்துக்குப் பிசின் ஊறாது. அவ்வளவுதான் கதை. வண்டு அங்க ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு. மாறினது மரத்தோட உடம்பு நிலை. டிபி கிருமிக்கும் பட்டினி கிடக்கிற உடம்புக்கும் உள்ள உறவு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசா இருக்காது.

இந்தியாவிலயும் பெரிய அளவுல நடந்திருக்கு. 1990களின் பிற்பகுதியில மத்தியப் பிரதேசத்துல மண்டலா பக்கம் சால் மரத் துளைப்பான் வண்டு காட்டையே தின்னுச்சு, லட்சக்கணக்குல மரங்களை வெட்ட வேண்டி வந்துச்சு. சால் ஊசியிலை மரம் இல்ல. ஆனா வேலை அதே வேலை. புதுசா வெட்டின சால் கட்டையை நசுக்கிப் போட்டா அந்தச் சாறு வாசனைக்கு வண்டு வரும், அதைப் பிடிச்சுக் கொடுத்தா வண்டுக்கு இவ்வளவுன்னு மலைவாழ் மக்களுக்குக் காசு கொடுத்தாங்க. அந்த வாசனை விஷயத்தை மறக்காதீங்க, கீழே திரும்ப வரும்.

நம்ம மலையில? குற்றாலத்துக்கு மேல பொதிகை வரைக்கும் பாத்தாலும் பைன் காடு கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில இயற்கையா வளர்ற ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒண்ணே ஒண்ணுதான், நிரம்பலி. அதோட இலையும் ஊசி மாதிரி இருக்காது, அகலமாத்தான் இருக்கும். வேணும்னே நம்மளைக் குழப்புற மரம். நிற்க.

நமக்குப் பைன் தென்னைதான். ஆய்க்குடியிலிருந்து செங்கோட்டை, புளியரை வரைக்கும் அனுமன் நதி, குண்டாறு பாயுற பக்கமெல்லாம் வயலுக்கு வயல் தென்னை. ஒரு தோப்பு ஒரு வீட்டோட மாசச் சம்பளம். பொண்ணு காலேஜ் பீஸ், அம்மாவோட சுகர் மாத்திரை, எல்லாம் அந்த மண்டையிலிருந்துதான் இறங்குது. அந்த மண்டைக்குள்ளேதான் நம்ம ஆட்கள் ரெண்டு பேரும் இருக்காங்க.

முதல் ஆள் காண்டாமிருக வண்டு. கறுப்பா, மூக்கு மேல ஒரு கொம்போட, ராத்திரி லைட்டைப் பாத்து வீட்டுக்குள்ள வந்து சுவத்துல மோதி விழுமே, அதேதான். வளந்த வண்டுதான் மரத்தைத் தாக்கும். விரியாத குருத்துக்குள்ள துளை போட்டு இறங்கி, சாறைக் குடிச்சிட்டு சக்கையை வெளியே தள்ளும். அந்தக் குருத்து பின்னாடி விரியும்போது பாத்தா, யாரோ கத்திரிக்கோலால விசிறி மாதிரி வெட்டி விட்டது போல ஓலை இருக்கும். இதோட புழு மரத்துல இருக்காது. எருக்குழியில, மக்கின குப்பையில, செத்து விழுந்து கிடக்கிற தென்னங்கட்டையில இருக்கும். சாப்பாடு ஒரு இடம், பிரசவம் இன்னொரு இடம்.

ரெண்டாவது ஆள் சிவப்புக் கூன் வண்டு. துரு நிறம், நீட்டி வளைஞ்ச மூக்கு. இது கதை வேற. பெண் வண்டு மரத்துல இருக்கிற காயத்தையோ வெடிப்பையோ தேடிப் போய் நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். புழு உள்ளேயே பொரிச்சு, உள்ளேயே தின்னு, உள்ளேயே நாரால கூடு கட்டி, உள்ளேயே வண்டா மாறும். மூணு நாலு மாசத்துக்கு ஒரு தலைமுறை. வெளியே எட்டிப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. தென்னையில பெரும்பாலும் அஞ்சுலிருந்து இருபது வயசு மரத்தைத்தான் குறி வைக்கும். அதாவது நீங்க செலவு பண்ணி வளத்து, காய்க்க ஆரம்பிச்ச மரம்.

இதுல கவனிக்க வேண்டியது, முதல் ஆள் போட்ட ஓட்டை வழியா ரெண்டாவது ஆள் வருவான். காயம் பட்ட திசுவிலிருந்து வர்ற புளிச்ச வாசனை கூன் வண்டைக் கூப்பிடும். சால் மரச் சாறு மாதிரியே. நாங்க இதைச் செகண்டரி இன்ஃபெக்ஷன்னு சொல்லுவோம். கால்ல முள்ளு குத்தினதுக்கு யாரும் சாகுறதில்ல, அந்த ஓட்டை வழியா உள்ளே போறதுதான் ஆளைக் கொல்லும்.

அதோட தென்னைக்கு ரெண்டு பலவீனம் பிறவியிலேயே இருக்கு. ஒண்ணு, மாமரம் வேப்பமரத்துல காயம் பட்டா பட்டை வளந்து மூடிக்கும். தென்னை அந்த ஜாதி இல்ல, புல் ஜாதிக்குக் கிட்டத்துச் சொந்தம். தண்டுல விழுந்த காயம் ஆறி மூடாது, ஆயுசுக்கும் திறந்த புண். ரெண்டு, அதுக்கு வளர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், உச்சியில இருக்கிற குருத்து. கிளை கிடையாது, மாற்று ஏற்பாடு கிடையாது. அதைத் தின்னுட்டா முடிஞ்சுது.

இப்போ நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னு சொல்றேன்.

எங்கிட்ட பிரஷருக்கு மாத்திரை வாங்குற ஒரு அண்ணாச்சி. ஒரு நாள் பிரஷர் பாத்து முடிச்சதும் எந்திரிக்காம உக்காந்திருந்தார். "சார், இந்தக் கொழாயை ஒரு நாளைக்கு இரவல் தருவியளா?"ன்னு ஸ்டெதஸ்கோப்பைக் காட்டுறார். எதுக்கு அண்ணாச்சின்னேன். "மரத்துல காது வச்சா கேக்கும்னு எங்க அப்பா சொல்லுவாங்க. எனக்கு இப்போ காது சரியாக் கேக்கல. நீங்க வந்து கேட்டுச் சொல்லுதியளா?"ன்னார்.

சாயங்காலம் போனேன். பன்னெண்டு வயசு மரம். மேல பாத்தா நல்லா இருக்கிற மாதிரிதான் இருக்கு, நடுக்குருத்து மட்டும் கொஞ்சம் சோந்து இருக்கு. தண்டுல ஆள் உயரத்துல ஒரு ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நிறத்துல பிசுபிசுன்னு ஒழுகிக் காஞ்சிருக்கு, பக்கத்துல மென்னு துப்பின மாதிரி நார். ஸ்டெதஸ்கோப்பை வச்சேன். முதல்ல ஒண்ணும் இல்ல. பம்ப்செட்டை நிறுத்தச் சொல்லிட்டு மறுபடி வச்சேன்.

கேட்டுச்சுங்க. வாயை மூடிக்கிட்டு அப்பளம் கடிச்சா நம்ம காதுக்குள்ள கேக்குமே, அது மாதிரி. ஒரு இடத்துல இல்ல, நாலஞ்சு இடத்துல. நிமோனியா வந்த நுரையீரல்ல ஒரு கரகரப்பு கேக்கும், கிட்டத்தட்ட அந்தச் சத்தம். ஒரு வித்தியாசம், நுரையீரல்ல மூச்சு இழுத்தாத்தான் கேக்கும். இது நிக்கவே இல்ல.

அண்ணாச்சி காதுல மாட்டி விட்டேன். ஒரு நிமிஷம் கேட்டுட்டு, "இம்புட்டா?"ன்னார். வேற எதுவும் சொல்லல.

(சிரிக்காதீங்க. மரத்துக்குள்ள கூன் வண்டுப் புழு கடிக்கிற சத்தத்தை மைக் வச்சுக் கண்டுபிடிக்கிற கருவிகளை இப்போ பல நாட்டுல ஆராய்ஞ்சிட்டு இருக்காங்க. ஸ்டெதஸ்கோப்பே 1816இல் லேனெக் காகிதத்தைச் சுருட்டிக் குழாய் மாதிரி வச்சுக் கேட்டதுதானே.)

அந்த மரம் பிழைக்கல. ரெண்டு மாசத்துல மண்டை சாஞ்சுது. வெட்டிப் பிளந்தப்போ கட்டைவிரல் தண்டிப் புழு, வெள்ளையா, கொழுகொழுன்னு. குருத்து வரைக்கும் குடைஞ்சிருந்துச்சு. ஆனா அன்னைக்கே அவர் தோப்புல மத்த மரங்களையும் வரிசையா தேடினதுல, ஆரம்ப நிலையில ரெண்டு மரம் கிடைச்சுது. அதுக்கு வேளாண் துறை ஆளைக் கூட்டிட்டு வந்து வைத்தியம் பண்ணினார். அது ரெண்டும் இன்னைக்கும் காய்க்குது.

மஞ்சளா இருக்கிற எல்லா மரமும் வண்டு மரம்னு நினைச்சிடாதீங்க, அதையும் சொல்லிடறேன். ஓலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா சுருள், கீழ் ஓலையில கரி பூசின மாதிரி படலம்னா அது சுருள் வெள்ளை ஈ, 2016இல் பொள்ளாச்சியில முதல்ல பாத்தது. ஓலை விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைஞ்சு, தளர்ந்து, காய் குறைஞ்சுகிட்டே போனா கேரள வாடல் நோயா இருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் நூறு வருஷத்துக்கு மேல இருக்கிற நோய், இப்போ தென்காசி மாவட்டத்துக்கும் வந்தாச்சு. அதுக்கு மருந்து கிடையாது. காய்ச்சல்னு வந்தவருக்கெல்லாம் டெங்கு மருத்துவம் பாக்க முடியுமா? அதே மாதிரிதான். என்னன்னு தெரியாம மருந்துக் கடையில போய் "நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு கொடு"ன்னு கேக்காதீங்க.

ஏன்னா அந்த "ஸ்ட்ராங்கா ஒண்ணு" எனக்கு நல்லாத் தெரிஞ்ச சரக்கு.

கூன் வண்டு ஓட்டைக்குள்ள மாத்திரை வச்சு அடைக்கிறது நம்ம ஊர்ல பல வருஷப் பழக்கம். அலுமினியம் பாஸ்பைடு. நெல் மூட்டைக்கு, கிடங்குக்குப் புகை போடுறதும் அதுதான். ஈரம் பட்டா பாஸ்பீன் வாயு வரும். மரத்துக்குள்ள இருக்கிற புழு சாகும், சரி. மீதி மாத்திரை எங்க இருக்கு? நான் கேட்ட வீடுகள்ல பாதியில பதில் ஒண்ணுதான்: "அடுப்படி பரண்ல சார்." மழைக்காலத்துல, காத்து வராத ரூம்ல, பிள்ளைங்க தூங்குற இடத்துல.

இதுக்கு மாற்று மருந்து கிடையாது. பாம்புக் கடிக்கு இருக்கு. மத்த பல பூச்சி மருந்துக்கு அட்ரோபின் இருக்கு. இதுக்கு இல்ல. இதயத்தோட செல்லுக்குள்ள போய் அது மூச்சு விடுறதையே நிறுத்துது. பெரிய ஆஸ்பத்திரியில எல்லா வசதியும் வச்சுக்கிட்டு, கையைப் பிசைஞ்சுக்கிட்டு நாங்க நின்ன ராத்திரிகள் உண்டு. சில சமயம் தெரியாம நடந்தது, சில சமயம் கோபத்துல, ஒரு நிமிஷ ஆத்திரத்துல நடந்தது. கண் முன்னாடி இருந்ததாலதான் கை அங்க போச்சு. இல்லன்னா அந்த நிமிஷம் கடந்து போயிருக்கும்னு நான் நம்புறேன். கூடுதல் விவரம் இங்க எழுத மாட்டேன், காரணம் உங்களுக்குப் புரியும். சட்டப்படியும் அது வீட்ல வாங்கி வச்சுக்கிற பொருள் இல்ல, பயிற்சி பெற்ற ஆள் மேற்பார்வையில பயன்படுத்த வேண்டியது. பரண்ல இருந்தா இன்னைக்கே வேளாண் அலுவலகத்துல கேட்டு அப்புறப்படுத்துங்க. மனசு சரியில்லாதவங்க யாராவது இதைப் படிச்சா 14416 (டெலிமானஸ்), இல்லன்னா 104 கூப்பிடுங்க. தமிழ்லயே பேசுவாங்க, ராத்திரியிலயும் பேசுவாங்க.

இன்னொண்ணு மோனோகுரோட்டோபாஸ். வேரைச் சீவி, பாலித்தீன் பையில மருந்து ஊத்திக் கட்டி மரத்தைக் குடிக்க வைப்பாங்க. அப்படிக் கட்டினா 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாதுன்னு விதி. கடைப்பிடிச்சவங்க எத்தனை பேர்னு எனக்குச் சந்தேகம்தான். 2013இல் பீகார்ல மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தது இந்த மருந்தாலதான். 2023இல் மத்திய அரசு இதுக்குத் தடை ஆணை போட்டுச்சு. இன்னும் "பழைய ஸ்டாக் இருக்கு, வேணுமா?"ன்னு யாராவது கேட்டா வேணாம்னு சொல்லுங்க.

சரி, மூணாவது விஷயத்துக்கு வர்றேன். இந்தத் த்ரெட்டை எழுதணும்னு நினைச்சதே இதுக்காகத்தான்.

தேங்காய் வெட்டுறவங்க.

நல்ல மரமேறி ஒருத்தர் 45 நாள், ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு மரத்தோட மண்டைக்கும் போறார். காய் மட்டும் வெட்டுறதில்ல. காஞ்ச மட்டையை எடுப்பார், பன்னாடையைச் சுத்தம் பண்ணுவார், குருத்துல ஓட்டை தெரிஞ்சா கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுப்பார். "அண்ணே, அந்தக் கிணத்தடி மரத்துல சக்கை தள்ளியிருக்கு"ன்னு கீழே வந்து சொல்லுவார். அவர்தான் தோப்போட மாஸ்டர் செக்கப். இப்போ ஏறுறதுக்கு ஆள் குறைஞ்சு போச்சு. பிள்ளைங்களை அந்த வேலைக்கு அனுப்ப யாருக்கும் மனசு இல்ல, நியாயம்தான். அதனால நீளக் கம்புல அரிவாளைக் கட்டிக் கீழே இருந்தே வெட்டுறாங்க. காய் வந்துடுது. மண்டையைத்தான் யாரும் பாக்குறதில்ல. வண்டு பெருகுறதுக்கு நான் பாக்குற காரணங்கள்ல இது பெருசு. வேளாண் விஞ்ஞானிகள் என்னைத் திருத்தினா ஏத்துக்கறேன்.

வண்டு குடைஞ்ச மரத்துல அவர் ஏறும்போது என்ன ஆகும்?

நாப்பது வயசுக்காரர் ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. கிட்டத்தட்ட முப்பதடி மரம். பாதிக்கு மேல ஏறினதும் மரம் இடுப்புல முறிஞ்சிருக்கு. முறிஞ்ச இடத்துல உள்ளே பூரா சக்கை, வெளியே விரக்கடை கனத்துக்குத் தோல் மட்டும் நின்னிருக்கு. கீழே விழுந்தவருக்கு நினைவு இருக்கு, பேச்சு இருக்கு. சுத்தி நின்னவங்க எல்லாரும் நல்லவங்க, பதறிப் போயிட்டாங்க. கக்கத்துல கை கொடுத்துத் தூக்கி உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, லோடு ஆட்டோவுல ரெண்டு பேருக்கு நடுவுல மடக்கி உக்கார வச்சுக் கொண்டு வந்தாங்க. மேட்டுப் பள்ளம் எல்லாம் தாண்டி. "விழுந்தப்போ கட்டைவிரலை ஆட்டினான் சார், நான் பாத்தேன்"னு கூட வந்த மச்சினர் சொல்றார். எங்கிட்ட வந்தப்போ ஆடல. முதுகெலும்பு, விலா முடியுற இடத்துல நொறுங்கியிருந்துச்சு.

விழுந்தப்பவே தண்டுவடம் போயிருக்குமா, ஆட்டோவுல போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த மச்சினர்கிட்ட நான் சொன்னதும் அதுதான். ஆனா உங்ககிட்ட சொல்றேன், தயவு செஞ்சு மனசுல வாங்கிக்கங்க:

மரத்துலருந்து விழுந்தவரை உக்கார வைக்காதீங்க. நிக்க வைக்காதீங்க. கிடக்கிற இடத்துலயே கிடக்கட்டும். ஒருத்தர் தலைமாட்டுல முழங்கால் போட்டு, ரெண்டு கையாலயும் தலையை அசையாமப் பிடிச்சுக்கணும், வர்றவரைக்கும் விடக்கூடாது. 108 கூப்பிடுங்க, "மரத்துலருந்து விழுந்துட்டார், முதுகு அடி"ன்னு தெளிவாச் சொல்லுங்க. தண்ணி, காபி, சோடா எதுவும் வேணாம். ரத்தம் வர்ற இடத்தைத் துணி வச்சு அழுத்துங்க. மூச்சு இல்லன்னா மட்டும் கணக்கு மாறும், அப்போ முதுகைப் பாக்காம நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடிக்கணும். ஆம்புலன்ஸ் வர முடியாத தோப்புன்னா, நாலு பேர் சேந்து, தலை கழுத்து இடுப்பு கால் எல்லாம் ஒரே கட்டை மாதிரி ஒண்ணா ஒருக்களிச்சுத் திருப்பி, அடியில பலகையைத் தள்ளி மல்லாக்கப் படுக்க வைங்க. கதவைக் கழட்டுனாலும் சரி. வீட்டுக் கதவை நாளைக்கு மாட்டிக்கலாம்.

அவர் இப்போ சக்கர நாற்காலியில இருக்கார். ஆய்க்குடிக்காரங்களுக்கு இந்த இடத்துல ஒரு பேர் ஞாபகம் வரும். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்துல விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவு இல்லாமப் போன இன்ஜினியரிங் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் இந்த ஊர்ல அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பாத்த டாக்டர் அமர்ஜித் சிங் சஹல் பேரை அதுக்கு வச்சார். 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. தண்டுவடம் அடிபட்டவருக்கு அப்புறம் ஒரு வாழ்க்கை இருக்குன்னு நான் வாயால சொல்றதை விட, கையைப் பிடிச்சு அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டினா ஆள் நம்புறார். படுக்கைப் புண் வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பிப் படுக்கிறது, சிறுநீரைத் தானே டியூப் போட்டு எடுக்கிறது, இதெல்லாம் கத்துக்கிட்டா ஆயுசு நீளும். கத்துக்காதவங்களை முதுகெலும்பு கொல்லுறதில்ல, புண்ணும் கிட்னியும் கொல்லும்.

நம்ம ஆள் கத்துக்கிட்டார். இப்போ தோப்பு தோப்பாப் போய், ஏற வர்ற சின்னப் பசங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் கொடுக்கிறார். ஏறுறதுக்கு முன்னாடி அரிவாளைத் திருப்பிப் பிடிச்சு, பின்பக்கத்தால தண்டைச் சுத்தி, கை எட்டுற உயரம் வரைக்கும் தட்டு. "கெட்டிச் சத்தம் வேற, பொக்கைச் சத்தம் வேற. பொக்கைன்னா எவன் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாதல." நாங்க நெஞ்சுல விரல் வச்சுத் தட்டிப் பாக்குறோமே, அந்த முறையை 1761இல் எழுதி வச்ச ஆவன்புருகர், விடுதிக்காரர் மகன். அவங்க அப்பா ஒயின் பீப்பாயைத் தட்டிப் பாத்து எவ்வளவு இருக்குன்னு சொல்லுவாராம். அவர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்போ நாங்களும் டாக்டருதான்"னார்.

தட்டிப் பாக்குறது மேல இருக்கிற பொக்கையைக் காட்டாது. அதனால தோப்புக்காரங்களுக்கு: சந்தேக மரத்துல சுண்ணாம்பால ஒரு பெருக்கல் குறி போடுங்க. அந்த மரத்துக் காய் கம்புல வரட்டும், இல்ல வராமப் போகட்டும். ஏறுறவருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தோட கேர சுரக்ஷா காப்பீடு இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா அந்தப் பிரீமியத்தை நீங்களே கட்டுங்க. ஒரு தடவை காய் வெட்டின காசுல அது ஒரு மூலைக்கு வராது.

வண்டைக் குறைக்க விஷம் இல்லாத வேலைகள் நிறைய இருக்கு. பச்சை மட்டையை வெட்ட வேண்டி வந்தா தண்டை ஒட்டி வெட்டாதீங்க, நாலடி விட்டு வெட்டுங்க. வெட்டின வாயிலிருந்து தண்டுக்குப் போறதுக்குள்ள கூன் வண்டுப் புழுவுக்கு வழி நீளும். ஏறுறதுக்காகத் தண்டுல படி வெட்டாதீங்க, அந்தப் படி ஒவ்வொண்ணும் ஆறாத புண்ணு. இளம் கன்னுக்கு மட்டை இடுக்குல வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போடுங்க. ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணியில ஊற வச்சு மண்பானையில அங்கங்க வச்சா காண்டாமிருக வண்டு வந்து விழும். செத்த மரத்தைத் தோப்புல போட்டு வைக்கவே கூடாது. 2018 கஜா புயல்ல டெல்டாவுல விழுந்து கிடந்த மரங்களைச் சீக்கிரம் அப்புறப்படுத்துங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். 2005இல் ஸ்வீடன்ல குட்ருன் புயல் சாய்ச்ச ஸ்ப்ரூஸ் மரங்கள்லயும் பட்டை வண்டு இப்படித்தான் பெருகிச்சு. நாடு வேற, புத்தி ஒண்ணு.

இனக்கவர்ச்சிப் பொறி பத்திக் கேப்பீங்க. பைன் வண்டு கூட்டத்தைக் கூப்பிடுதே ஒரு வாசனை, அதே மாதிரி கூன் வண்டோட வாசனையைக் குப்பியில அடைச்சு வாளிக்குள்ள தொங்க விடுறது. நல்லா வேலை செய்யும். ஆனா நீங்க மட்டும் வச்சா பக்கத்துத் தோப்பு வண்டெல்லாம் உங்க தோப்புக்கு விருந்துக்கு வரும். ஊரே சேந்து வைக்கணும், தடுப்பூசி மாதிரி. பரவுறதுல இது எமகாதகன். 1980களில் நம்ம கடையநல்லூர்க்காரங்க வளைகுடாவுக்குப் போயிட்டு இருந்த அதே காலத்துல இந்தக் கூன் வண்டும் அங்க போய் பேரீச்சையில குடியேறிச்சு, அப்புறம் எகிப்து, ஸ்பெயின், இத்தாலி வரைக்கும் போயிடுச்சு. பாஸ்போர்ட் தேவைப்படல, கன்னுக்குள்ள உக்காந்தே போச்சு.

காண்டாமிருக வண்டுக்கு எதிரிகளும் உண்டு. எருக்குழியில பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலந்து விட்டா புழு பச்சை பூத்துச் சாகும், வேளாண் அலுவலகத்துல கேட்டா சொல்லுவாங்க. 1960களில் மலேசியாவுல இதுக்குன்னே ஒரு வைரஸைக் கண்டுபிடிச்சு, 1967இல் சமோவா தீவுல விட்டாங்க, வண்டு சடசடன்னு குறைஞ்சுது. எனக்குத் தெரிஞ்சு வைரஸைப் பாத்து விவசாயி சந்தோஷப்பட்ட அபூர்வமான சம்பவம். ஆனா குவாம் தீவுக்கு 2007இல் வந்து சேந்த வண்டு வகைக்கு அந்த வைரஸ் அவ்வளவா ஏறல. ஆன்டிபயாடிக் கதையை அங்கயும் பாக்கலாம்.

காண்டாமிருக வண்டு அதிகம் பறக்கிறது ஜூன்லிருந்து செப்டம்பர் வரைக்கும். குற்றாலத்துல சாரல் விழுந்தாச்சு, அருவி வீடியோ எல்லாம் ஸ்டேட்டஸ்ல வருது. குளிக்க வர்றவங்க வாங்க. ஊர்ல தோப்பு இருக்கிறவங்க இந்த ஞாயித்துக்கிழமை எருக்குழியை ஒரு தடவை மம்பட்டியால அடி வரைக்கும் கிளறுங்க. வெள்ளையா, ஆங்கில எழுத்து சி மாதிரி சுருண்டு கிடக்கிறதைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்க. அப்படியே பரண்ல கை விட்டு என்ன இருக்குன்னும் பாத்துட்டு, கமெண்ட்ல வந்து சொல்லுங்க.